சேர்ந்தொலிக்கும் சுரங்களை அறியும் செவி

ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது அவை எவை, அவற்றுக்குள் என்ன உறவு என்று காதால் மட்டும் கண்டுசொல்வது பழக்கத்தால் வருவது. மேலை இசையில் இப்படிச் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுக்குக் கார்டு என்று பெயர். இன்று அதற்கான பயிற்சி பெரும்பாலும் கைப்பேசியில் நடக்கிறது. செயலி ஒரு கார்டை ஒலிக்கும். கேட்பவர் மேஜரா மைனரா என்று திரையைத் தொட்டுச் சொல்வார். சரியா தவறா என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். செயலிக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. செவியைச் சோதித்துப் பார்க்கும் வழக்கமோ மிகப் பழையது. மரக்காணம் உப்பளக் கரையை உள்ளடக்கிய பழைய ஓய்மாநாட்டில் அது எழுத்தில் பதிவாகி 1,500 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்துக் கடலோர ஊர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே, புதுச்சேரிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்தோடு சேர்த்து உப்புக்குப் பேர்போன ஊர். தை பிறந்ததும் பாத்தி திருத்தி, வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் உப்பு வாரி முடிப்பது அளத்தின் ஆண்டுக் கணக்கு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் பகுதி. பெயர்கூட மாறாமல் இன்றும் பேரூராட்சியாக இருக்கிறது. ஆகவே பாட்டில் வரும் நெய்தல் நிலம் புலவருக்குப் பக்கத்து ஊர்.

பாட்டின் கட்டமைப்பு எளியது. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினத்தில் நுளையப் பெண் வடித்த கள்ளைப் பரதவர் ஊட்டுவார்கள், சுட்ட குழல்மீன் வீட்டுக்கு வீடு கிடைக்கும் என்கிறான். அங்கிருந்து வேலூர், ஆமூர் வழியாக, திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலை அடைய வேண்டும். உப்பு வணிகரான உமணரும் பாட்டில் வருகிறார்கள், ஆனால் ஓய்மாநாட்டுப் பகுதியில் அல்ல. கொற்கைக்குப் போகும் வண்டியோடு. வண்டியில் வந்த மந்தி உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து, கிளிஞ்சிலுக்குள் முத்தை அடைத்துக் கிலுகிலுப்பை ஆட்டுகிறது. சங்க இலக்கியத்தில் இதைவிடக் குறும்பான இசைக்கருவி இல்லை.

வழிநடக்கும் பாணன் கையில் இருப்பது சீறியாழ். ஏழு நரம்புகள், ஒவ்வொரு நரம்புக்கும் ஒரே ஒரு சுரம். வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. வளைந்த கோட்டில் திவவு என்னும் வார்க்கட்டைச் சுற்றி, அதை மேலும் கீழும் நகர்த்தி நரம்பை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். நல்லியக்கோடன் முன் வாசிப்பதற்குமுன் குரல் என்னும் சுரமே ஆதாரமாக நிற்கும்படி, நூல் சொன்ன மரபுப்படி யாழைப் பண்ணுத்துவதைப் பாட்டு தனியே குறிப்பிடுகிறது. பரிசில் கேட்கப் போன இடத்தில் அதுதான் முதல் தேர்வு. சுருதி சேராத யாழை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டும் எடுபடாது.

பண்ணுத்தும் முறையைச் சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் விரிவாகத் தருகின்றன. ஏழு சுரங்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசை வேறு. தாரத்தில் உழை பிறக்கும், உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. ஒவ்வொரு அடியும் ஐந்தாம் சுரத்துக்குத் தாவுகிறது. இன்றைய பெயரில் சொன்னால் கைசிகி நிஷாதத்தில் தொடங்கி, மத்யமம், ஷட்ஜம், பஞ்சமம், ரிஷபம், தைவதம், அந்தர காந்தாரம் என்று போகும், வரிசைப்படுத்தினால் அரிகாம்போதி. பண்டைத் தமிழிசையில் இதற்குச் செம்பாலை என்று பெயர். மேலை இசைப் பாடநூல்களில் 'ஐந்தாம் சுரச் சுழற்சி' என்று வட்டம் போட்டுக் காட்டப்படுவதும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கைக் கருவியில் நிறைவேற்றுவது காது. குரல் நரம்பையும் இளி நரம்பையும் சேர்த்து மீட்டினால், இரண்டும் பொருந்தாதவரை ஒலியில் ஓர் அலைவு கேட்கும். ஒலி ஏறி இறங்கி அதிரும். திவவை நகர்த்த நகர்த்த அலைவு மெதுவாகும். ஒரு நிலையில் அது நின்று, இரண்டு நரம்பும் ஒரே ஒலியாகக் கரையும். அங்கே வார்க்கட்டை விட்டுவிட வேண்டும். இரண்டு சுரங்களைச் சேர்த்துக் கேட்டு உறவை முடிவு செய்யும் செவிப்பயிற்சியின் தொடக்கம் இதுவே. யாழில் மூன்று சுரங்களைக் கூட்டிக் கார்டாக வாசித்தார்கள் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. சேர்ந்தொலிக்கும் சுரங்களை எடைபோடும் செவி மட்டும் அந்த இசைக்கு அடிப்படையாக இருந்தது.

அந்த எடைபோடலுக்கு இலக்கணமும் இருந்தது. சுரங்களுக்குள் உள்ள உறவு இணை, கிளை, பகை, நட்பு என நான்கு. உரையாசிரியர் கணக்கில், நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் மாதவி இதைச் செய்துகாட்டுகிறாள். கோவலன் பிரிந்துபோன பின், மேல்மாடத்தில் அமர்ந்து பதினான்கு நரம்பு கொண்ட யாழை எடுக்கிறாள். கைகளை உரிய இடத்தில் வைத்து, நான்கு உறவுகளையும் நோக்கி, குரலிலும் இளியிலும் காதுவைத்துக் கேட்டு இசை பொருந்தியதா என்று சோதித்த பிறகே வாசிக்கத் தொடங்குகிறாள். மனம் கலங்கிய நேரத்திலும் அவள் அந்தச் சோதனையைத் தவிர்க்கவில்லை. ஆதாரம், ஐந்தாம் சுரம் என்ற இரண்டு இடங்களில் மட்டும் சோதித்தால் போதும், மற்றவை அவற்றிலிருந்து தெரிந்துவிடும் என்ற தொழில்நுட்ப அறிவு இளங்கோவடிகளுக்கு இருந்தது. இதைக் கதைப்போக்கில் கடந்துபோகிறவர்கள் நல்ல இசைப்பாடம் ஒன்றை இழக்கிறார்கள்.

மூன்றாம் சுரம் பகை என்பது இன்றைய காதுக்கு வியப்பாக இருக்கும். மேலை இசைக் கார்டின் உயிரே மூன்றாம் சுரம்தான். ச, ப இரண்டுக்கும் நடுவே அந்தர காந்தாரம் விழுந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் விழுந்தால் மைனர். ஆனால் ஐந்தாம் சுரங்களாகவே அடுக்கிச் சுருதி கூட்டினால் நான்கு தாவலுக்குப் பின் வரும் காந்தாரம் சற்று உயர்ந்துவிடும். எட்டுச் சுர இடைவெளியை 1,200 சென்ட் எனப் பிரித்தால், இயல்பாக இழையும் காந்தாரம் 386இல் இருக்கும். ஐந்தாம் சுர அடுக்கில் பிறப்பது 408இல் நிற்கும். ஆதாரத்தோடு சேர்த்து ஒலித்தால் அது கரையாமல் அதிரும். அதனால்தான் அதைப் பகையில் வைத்தார்கள் என்று கருத இடமுண்டு. ஐரோப்பாவிலும் இதே கதைதான். பித்தாகரஸ் வழிவந்த ஐந்தாம் சுர அடுக்கைக் கையாண்ட காலம்வரை அங்கும் மூன்றாம் சுரம் இசைவற்றதாகவே எண்ணப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில்தான் பாரிசு இசையாசிரியர்கள் அதைக் குறைபட்ட இசைவு என்ற வகைக்குள் சேர்த்தார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரான ஜான் டன்ஸ்டபிள் முதலியோர் மூன்றாம், ஆறாம் சுரங்களைத் தாராளமாகப் பயன்படுத்த, கண்டத்து இசைஞர்கள் அதன் இனிமையில் மயங்கினார்கள். கார்டு என்ற எண்ணம் அதன் பின்னரே கால்கொண்டது.

தமிழ்நாட்டில் கதை வேறு திசையில் திரும்பியது. யாழ் மறைந்தது. அதற்கான காரணத்தைத் திருஞானசம்பந்தர் வரலாற்றில் வரும் நிகழ்ச்சி ஒன்று சுட்டுகிறது. சம்பந்தரோடு தலம் தலமாகச் சென்று அவர் பதிகங்களை யாழில் வாசித்தவர் எருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழுக்குள் அடங்காமல் போகவே, பாணர் யாழை உடைக்க முற்பட்டார் என்பது பெரியபுராணச் செய்தி. யாழ்முரிப் பதிகம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நரம்புக்கு ஒரு சுரம் என்ற கருவியில், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை வாசிக்க முடியாது. மெட்டுக்கு மேல் தந்தியை இழுத்து வளைக்கக்கூடிய வீணைக்கு அது எளிது. இசை கமகத்தின் பக்கம் சாயச் சாய யாழுக்கு வேலை குறைந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலானந்த அடிகள் பழைய யாழ்களின் அமைப்பையும் சுருதியையும் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது.

யாழ் போனபின் செவிப்பயிற்சியின் மையம் தம்புராவுக்கு மாறியது. பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்திரம் என நான்கு தந்திகள். குதிரைக்கும் தந்திக்கும் இடையில் செருகும் சிறு நூல்தான் ஜீவாளி. அதை மயிரிழை நகர்த்தினாலும் ஒலியின் நிறம் மாறும். சரியான இடத்தில் அது அமர்ந்துவிட்டால், மந்திரத் தந்தியின் ஒலிக்குள்ளிருந்து யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மெல்லிதாகக் கேட்கும். அது தந்தியின் அடிப்படை அதிர்வைப் போல் ஐந்து மடங்கான மேலதிர்வு. ச, காந்தாரம், ப மூன்றும் சேர்ந்தால் 4:5:6 என்ற விகிதத்தில் மேஜர் கார்டு முழுமையாகிவிடும். ஆக, கார்டு இல்லாத இசை என்று சொல்லப்படும் கர்நாடக இசையின் பின்னணியில் ஒரு கார்டு எந்நேரமும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதை யாரும் கார்டு என்று பெயரிட்டுப் பயிற்றுவிக்கவில்லை, அவ்வளவுதான். மாணவர் கற்றது அசையாத ஷட்ஜத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு சுரத்தின் இடத்தையும் அறிவது. சரளி வரிசை, ஜண்டை வரிசை முதற்கொண்டு எல்லாம் இதற்கே. குருவிடம் முறையாகப் பயிலாமல் கேட்டுக்கேட்டே தேறியவரைக் கேள்வி ஞானம் உள்ளவர் என்பது வழக்கு.

மேலை இசையின் கார்டு இந்தக் கரைக்குப் படைவாத்தியத்தோடு வந்தது. மரக்காணத்துக்கு வடக்கே ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டை. தெற்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் தங்கியிருந்தபோது கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் வரிகள் அமைத்தார். சுமார் 40 உருப்படிகள் கொண்ட அந்த நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணத்தில், அதாவது மேஜர் அளவையில் அமைந்தவை. இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, மெட்டு மட்டும்தான் வந்தது. பேண்டில் அதன் கீழே ஒலித்த கார்டுகள் வரவில்லை. தீட்சிதரின் காது மெட்டைப் பற்றிக்கொண்டு துணையொலியை விட்டுவிட்டது. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்ட வயலினுக்கும் அதுவே நேர்ந்தது: ஐந்தாம் சுர இடைவெளியில் கட்டிய தந்திகள் ச, ப, ச, ப என மாற்றப்பட்டு ஒற்றை வரி இசைக்கு வேலை செய்தன. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) மேலை வாத்தியக்குழுவே வைத்திருந்தும், அரண்மனைக்கு வெளியே அந்தக் கூட்டொலி பரவவில்லை.

பரவச் செய்தது ஆர்மோனியம். 1842இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபான் காப்புரிமை பெற்ற காலால் மிதிக்கும் கருவி, வங்காளத்தில் கையால் துருத்தி இயக்கும் பெட்டியாகச் சுருங்கி ஊர் ஊராகப் போனது. தேவாலயத்தில் கீர்த்தனைக்கும், நாடகக் கொட்டகையில் ராஜபார்ட்டுக்கும், தெருக்கூத்தில் முகவீணையோடும் அது அமர்ந்தது. மரக்காணம், திண்டிவனம் வட்டாரம் கூத்து ஊறிய வட்டாரம். அங்கே விடியவிடியக் கூத்துப் பார்த்தவர்கள் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே பாட்டை வாசிக்கும் ஆர்மோனியக்காரரைக் கேட்டு வளர்ந்தார்கள். ஆர்மோனியத்தில் விரல்கள் மூன்றைச் சேர்த்து அழுத்தினால் கார்டு ஒலிக்கும். ஆனால் எப்போது எந்த மூன்று என்று சொல்லித்தர ஆளில்லை. அழுத்தியவர்கள் காதுக்கு இனித்ததை அழுத்தினார்கள். பன்னிரண்டு அரைச்சுரங்களும் சம இடைவெளியில் நிறுத்தப்பட்ட கருவி என்பதால் பண்டிதர்களுக்கு அது பிடிக்கவில்லை. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது, 1971இல்தான் தளர்த்தியது.

முறையான கார்டுப் பயிற்சி தேவாலயப் பாடகர்குழுவிலும் லண்டன் தேர்வுகளிலும் தொடங்கியது. இங்கிலாந்தின் நார்விச் நகரில் சாரா குளோவர் வகுத்து, ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்பா முறையில் 'டோ' என்பது எந்தச் சுருதியிலும் நிற்கக்கூடிய ஆதாரம். நம் ஷட்ஜமும் அப்படித்தான். ஆகவே மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த முறை அந்நியமாகப் படாது. லண்டனில் 1872இல் நிறுவப்பட்ட டிரினிட்டி கல்லூரியும், 1889இல் உருவான அசோசியேட்டட் போர்டும் நடத்திய தேர்வுகள் குடியேற்ற நாடுகளுக்கும் வந்தன. அவற்றில் செவித்தேர்வு ஒரு பகுதி. மாணவர் பியானோவுக்கு முதுகைக் காட்டி நிற்பார், தேர்வாளர் வாசிப்பார். கீழ்நிலையில் தாளத்தைத் தட்டிக்காட்டி, கேட்ட வரியைத் திருப்பிப் பாடினால் போதும். மேல்நிலையில் வாக்கியம் முடியும் இடத்துக் கார்டுகள் எவை என்று சொல்ல வேண்டும். விரல் தேறிய பலர் இங்கேதான் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டார்கள். வீட்டில் தனியாக இதைப் பயில வழியில்லை. வாசிக்க ஒருவர், கேட்க ஒருவர் என இரண்டு பேர் வேண்டும்.

சென்னையில் இந்தப் பயிற்சிக்குப் பேர்பெற்றவர் மயிலாப்பூர் சாய் லாட்ஜ் அறையில் பாடம் நடத்திய தன்ராஜ் மாஸ்டர். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா அவரிடம் மேலை இசை பயின்றார்; டிரினிட்டியின் கிதார்த் தேர்விலும் தேறினார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின் தமிழ்நாட்டுக் காதுக்குப் பாடம் எடுத்தது திரைப்பாட்டுதான். 1978இல் வெளிவந்த 'சிட்டுக்குருவி'யில் 'என் கண்மணி' பாட்டில் இரண்டு குரல்கள் இரண்டு தனி வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடின. பேருந்துப் பயணத்தில் நடக்கும் அந்தக் காட்சியை ரசித்தவர்களில் எத்தனை பேருக்கு எதிர்ச்சுர இசை என்ற பெயர் தெரியும்? பெயர் தெரியாமலே காது பழகியது.

அடுத்து நடந்தது எழுதப்படாத பெரும் பயிற்சி. மாசி மகம், ஆடிமாதக் கூழ்வார்த்தல் என்று கடலோர ஊர்களில் திருவிழா வந்தால் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி நடக்கும். குழுவில் கிதார், கீபோர்டு வாசிப்பவர்கள் பலருக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது. படித்தாலும் சினிமாப் பாட்டுக்கு அச்சிட்ட நொட்டேஷன் கடையில் கிடைத்ததில்லை. கேசட்டைப் போட்டு நான்கு நொடி கேட்பார்கள், நிறுத்துவார்கள், பின்னால் சுற்றுவார்கள், மறுபடி கேட்பார்கள். முதலில் பேஸ் கிதார் எந்தச் சுரத்தில் இறங்குகிறது என்று பிடிப்பது; பிறகு அதன்மேல் மேஜரா மைனரா என்று பார்ப்பது; பிறகு ஏழாம் சுரம் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவது. இதற்குக் 'கார்ட்ஸ் எடுப்பது' என்று பெயர். நாடா தேய்ந்து சுருதி இறங்கிய கேசட்டாக இருந்தால் கிதாரின் தந்திகளைத் தளர்த்திக் கேசட்டோடு ஒத்துப்போக வேண்டும். இந்த வகைக் காதுக்கு ஈடான பயிற்சி எந்த வகுப்பிலும் நடந்ததில்லை. 1980இல் காசியோ நிறுவனம் தொடங்கிய மலிவான கீபோர்டு வரிசையில், பின்னர் ஒரு விரலால் அழுத்தினாலே முழுக் கார்டும் தாளத்தோடு ஒலிக்கும் வசதி வந்தது. மேடைக்கு அது வரம், காதுக்குச் சோம்பல்.

பியானோ முன் உட்கார இரண்டாவது ஆள் வேண்டும் என்ற சிக்கலைத் தீர்க்கக் கணினியைப் பயன்படுத்தும் முயற்சி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 1967இல் ஸ்டான்போர்டில் கூன், ஆல்வின் இருவரும் மாணவர் பாடுவதைக் கணினி கேட்டுத் திருத்தும் அமைப்பைச் செய்துகாட்டினார்கள். 1970களின் நடுவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெட் ஹாப்ஸ்டெட்டர் பிளேட்டோ என்ற கணினி வலையமைப்பில் உருவாக்கிய திட்டத்துக்கு கைடோ என்று பெயர். சுர இடைவெளி, மெட்டு, கார்டு, தாளம் என்று தனித்தனிப் பயிற்சிகள் அதில் இருந்தன. இன்றைய செயலிகளின் மூதாதை அதுவே. 1990களில் டென்மார்க்கின் இயர்மாஸ்டர், ஆஸ்திரேலியாவின் ஆராலியா போன்ற மென்பொருள்கள் மேசைக் கணினிக்கு வந்தன. 2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோரும், அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு சந்தையும் திறந்தபின் இதெல்லாம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. 2016க்குப் பின் இணையக் கட்டணம் சரிந்ததும், சென்னைக்குப் போய்வர முடியாத ஊர்ப் பிள்ளைகளுக்கும் எட்டும் தூரத்துக்கு வந்தது.

கார்டுப் பயிற்சிச் செயலிகள் பெரும்பாலும் ஒரே படிமுறையில் நடக்கின்றன. முதலில் மேஜர், மைனர் இரண்டு மட்டும். பிறகு டிமினிஷ்ட் (ச, சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம்), ஆக்மென்டட் (ச, அந்தர காந்தாரம், சுத்த தைவதம்). அதன்பின் ஏழாம் சுரம் சேர்ந்த கார்டுகள், அடிச்சுரம் மாறிய தலைகீழ் வடிவங்கள், கடைசியில் நான்கைந்து கார்டுகள் தொடர்ந்து வரும் வரிசை. தவறிய வினாவை அடிக்கடி கேட்பது, சரியானதைத் தள்ளிப்போடுவது என்று செயலி தானே சரிசெய்துகொள்ளும். பங்ஷனல் இயர் டிரெய்னர் என்ற செயலி வேறு வழி பிடிக்கிறது. முதலில் கார்டு வரிசை ஒன்றை வாசித்து ஆதாரத்தை நிலைநிறுத்திவிட்டு, பிறகு ஒரு சுரத்தை ஒலித்து அது ஆதாரத்திலிருந்து எத்தனையாவது என்று கேட்கிறது. தம்புராவோடு வளர்ந்த செவிக்கு இதுவே இயல்பான வாசல். ஆதாரம் சொல்லாமல் வெறும் கார்டை ஒலித்துக் கேட்கும் முறையில், சுருதிஞானம் உள்ளவர்கூடத் தொடக்கத்தில் தடுமாறுவார். அவர் காது ஷட்ஜத்தைத் தேடிக்கொண்டிருக்கும், செயலியோ அடுத்தடுத்த வினாவில் ஷட்ஜத்தை மாற்றிக்கொண்டிருக்கும். ஷட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றிப் பாடும் கிரகபேதம் பழகியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு.

இன்னொரு சிக்கல் சுருதியில் இருக்கிறது. செயலியின் பியானோ ஒலி சமப் பகிர்வில் அமைந்தது. காந்தாரம் சரியாக 400 சென்டில் நிற்கும். தம்புராவின் காந்தாரம் 386இல் இழைவது. ஐந்தாம் சுரங்களை அடுக்கிக் கூட்டிய யாழில் அது 408. கைப்பேசி ஒலிக்கும் மேஜர் கார்டின் நடுச்சுரம் தம்புராவைவிட யாழுக்கு நெருக்கமானது. உரையாசிரியர்கள் பகை என்று விலக்கிய இடத்தின் பக்கம்தான் நிற்கிறது. சுருதியில் நுட்பமான காது உள்ளவர் பியானோ மேஜரைக் கேட்டுச் சற்றுக் கூர்மையாக இருக்கிறதே என்று நினைத்தால் அது காதின் பிழை அல்ல. ஆனாலும் செயலியில் மேஜர் என்றுதான் தொட வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒரே பியானோ ஒலியில் நூறு வினா பழகியவர் கார்டைப் பழகுவதில்லை, அந்தப் பதிவை மனப்பாடம் செய்கிறார். கிதாரில் அதே கார்டு வந்தால் முழிப்பார். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த அதிர்வுகளைச் சரியாக வெளிவிடாது. நடு 'சி'க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சுரம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதன் அடிப்படை அதிர்வு ஒலிபெருக்கியில் ஏறத்தாழக் காணாமல் போகும், மேலதிர்வுகளை வைத்துக் காது ஊகித்துக்கொள்ளும். தலைகீழ்க் கார்டுகளை அறிய அடிச்சுரம்தான் திறவுகோல் என்பதால் இங்கே தவறுகள் குவியும். இதற்கிடையே, நெதர்லாந்தில் தொடங்கிய கார்டிபை போன்ற சேவைகள் பாட்டைக் கேட்டுத் தாமே கார்டுகளை எழுதித் தந்துவிடுகின்றன. கச்சேரிக்கு அவசரமாகத் தயாராக அது உதவும். நுட்பமான கார்டுகளில் அடிக்கடி தவறவும் செய்யும். தவறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பழகிய காதுதான் வேண்டும்.

கைப்பேசியில் பயிலத் தொடங்குவோர் சில அமைப்புகளை முதலிலேயே மாற்றிக்கொள்வது நல்லது. இயர்போன் மாட்டிக்கொள்ளவும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கருவி ஒலியை மாற்றவும். ஆதாரத்தை முதலில் ஒலிக்கும் வகைப் பயிற்சியில் தொடங்கவும். விடையைத் தொடுமுன் கார்டின் மூன்று சுரங்களையும் கீழிருந்து மேலாக, வாய்விட்டு, சரிகமவிலேயே பாடிப் பார்க்கவும். பாட முடியாத கார்டை ஊகித்துத் தொட்டுப் பெற்ற மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.